ஐந்து பெட்டி, இரண்டு சத்தம்: தீபாவளி போனஸில் நான் ஏமாந்த கதை

தீபாவளி நோம்பி முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அடுத்து பொங்கல் ஆஃபர் பலகைகள் தொங்க ஆரம்பிக்கும். ஹோம் தியேட்டர் வாங்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்க. நான் 17,500 ரூபாயைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இருப்பது அவிநாசியில், வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பகுதியில். வீட்டு ஆசாரம், அதாவது ஹால், பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி. டிவி நல்ல டிவிதான். சத்தம் மட்டும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். போனஸ் கைக்கு வந்ததும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

காந்திபுரம் பக்கம் ஒரு கடை. பெயர் போடவில்லை. இதே செட்டை வேறு ஸ்டிக்கரோடு ஈரோட்டில் இரண்டு கடைகளில் பிறகு பார்த்தேன். அதனால் கடைப் பெயரை விட, செட்டைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

“வாங்ணா, பட்ஜெட் எத்தனைங்ணா?” என்றார் கடைக்காரர். இருபதுக்குள் என்று சொல்லிவிட்டேன். முதல் கோட்டை அங்கேயே விட்டேன். இடுப்பு உயரத்துக்கு இரண்டு டவர், ஒவ்வொன்றிலும் நான்கு வட்ட ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, பின்னால் வைக்க இரண்டு, தாழ்ந்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். பாட்டுக்கு ஏற்ற மாதிரி நீலமும் சிவப்புமாக லைட் எரிகிறது. அட்டைப் பெட்டியில் 11,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச சக்தியாம்) என்று கொட்டை எழுத்து. “ஒரிஜினல் டால்பி 5.1-ங்ணா, தியேட்டர்ல கேக்கறது அப்படியே வீட்ல கேக்கும்” என்று பென்டிரைவைச் சொருகி ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. நெஞ்சில் குத்தியது. ஆள் அதிலேயே விழுந்துவிட்டேன்.

24,000 சொன்னது பேசிப்பேசி 17,500-க்கு வந்தது. பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்து வருமுங்ணா, உங்களுக்கு எதுக்கு நட்டம்?” என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் ‘ஹோம் தியேட்டர் 1 செட்’ என்று எழுதி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற ரப்பர் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தார். 10,000 ஜிபேயில், மீதி ரொக்கம். போகும்போது தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன டப்பாவை நீட்டி, “இது டால்பி டீகோடருங்ணா, ஃப்ரீயா வெச்சுக்கங்க” என்றார். அந்த டப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நோம்பிக்கு வந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் லைட்டைப் பார்த்துவிட்டு நல்லா இருக்குது என்றார்கள். எனக்கும் பெருமைதான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். கொஞ்ச நேரம் படம் பார்த்துவிட்டு, “மாமா, முன்னாடி வர்ற அதே டயலாக் பின்னாடி பெட்டியிலயும் வருதே, கவனிச்சீங்களா?” என்றான். நான் கவனிக்கவில்லை. எல்லாப் பெட்டியிலும் சத்தம் வந்தால் அதுதான் 5.1 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொல்லித்தான் புரிந்தது. 5.1 என்றால் ஆறு தனித்தனிச் சத்தம். முன்னால் இடது, வலது, நடு. பின்னால் இடது, வலது. ஆறாவது, அடி வயிற்றில் உறுமுகிற தாழ்ந்த சத்தம், அதைத்தான் ‘.1’ என்கிறார்கள். படத்தில் பேச்சு பெரும்பாலும் நடுப் பெட்டியில் வரும். மழையும் கூட்டத்தின் இரைச்சலும் பின்னால் வரும். இந்த ஆறும் பிரிந்து வர வேண்டுமானால் டிவியில் இருந்து வருகிற டால்பி சிக்னலைப் பிரிக்கும் டீகோடர் ஆம்பிளிஃபயரில் இருக்க வேண்டும். என் ஆம்பின் பின்பக்கத்தில் இருந்தது சிவப்பு, வெள்ளை ஆக்ஸ் ஓட்டை இரண்டு, ஒரு யுஎஸ்பி, ப்ளூடூத். அவ்வளவுதான். ஆக்ஸில் இடது, வலது இரண்டுதான் வரும். அந்த இரண்டையே ஐந்து பெட்டிக்கும் பங்கு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

யூட்யூபில் சோதனை வீடியோ போடலாமே என்றேன். அது பல டிவிகளில் ஸ்டீரியோவாகவே வரும், அதை வைத்துக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் நிஜமான 5.1 சோதனைக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து டிவியில் போட்டான். ‘இடது முன்பக்கம்’ என்று குரல் சொன்னால் இடப்பக்கம் முன்னும் பின்னும் இரண்டு பெட்டியும் பேசின. ‘இடது பின்பக்கம்’ என்றபோதும் அதே இரண்டு. ‘நடு’ என்றால் ஐந்தும் சேர்ந்து கோரஸ்.

சரி, அந்த இலவச டப்பா? டிவியில் இருந்து சத்தத்தை ஒளியாகக் கொண்டுவரும் ஆப்டிகல் ஒயரை வாங்கி ஆக்ஸாக மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் அது. டிவி செட்டிங்கில் சத்தத்தை பிசிஎம் (டால்பியாகச் சுருக்காத சாதாரணச் சத்தம்) என்று வைத்தால் ஸ்டீரியோ வருகிறது. டால்பி என்று மாற்றினால் வெறும் கரகரப்பு. ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் 5.1 போகும், உண்மைதான். ஆனால் அதைப் பிரிக்கிற டப்பாவுக்குப் பின்னால் ஆறு வெளியீடு இருக்க வேண்டும். இதில் இரண்டே இரண்டு.

அப்புறம் டவரைக் கழற்றினோம். அதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான்கு வட்டத்தில் மேலே இருந்த ஒன்றுக்கு மட்டும்தான் காந்தமும் ஒயரும். மற்ற மூன்றும் பிளாஸ்டிக் வளையத்தில் ஒட்டிய காகிதக் கூம்பு. இரண்டு டவரிலும் சேர்த்து ஆறு டம்மி. கடையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பாட்டு அத்தனை சத்தமாக ஓடும்போது யாருக்கு அந்த யோசனை வரும்? அதற்குத்தானே அத்தனை சத்தமாக வைக்கிறார்கள்.

ஆம்பைத் திறந்தபோது டிரான்ஸ்ஃபார்மர் மேல் 12-0-12, 5 ஆம்ப் என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 24 வோல்ட், அதை 5 ஆம்பால் பெருக்கினால் 120. அதுவும் ஆம்புக்குள் போகிற அளவு. சூடாக வீணாவது போக ஸ்பீக்கருக்கு வருவது இன்னும் குறைவு. 11,000 எங்கே இருந்து வந்தது? பி.எம்.பி.ஓ. என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது; யாரும் எந்த எண்ணையும் போட்டுக்கொள்ளலாம். கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது ஆம்ப் விடாமல் தரக்கூடிய சக்தி, அதுவும் ஒரு சேனலுக்கு எத்தனை என்று. இன்னொன்று, வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவே. என் ஆசாரத்துக்கு நல்ல ஸ்பீக்கராக இருந்தால் சேனலுக்கு முப்பது, நாற்பது வாட்ஸே தாராளம்.

செட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “டம்மி டிசைனுக்காக வெக்கறதுங்ணா, எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்” என்றார், முகம் மாறாமல். டால்பி? “ஸ்டிக்கர் ஒட்டித்தானுங்ணா வருது, நாங்களா ஒட்டறோம்?” திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார்.

அசெம்பிள் செட் என்றாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பூரில் கேசட் காலத்தில் இருந்து ஆம்ப் கட்டும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் கட்டும் செட்டில் டீகோடர் போர்டு தனியாக, டிரான்ஸ்ஃபார்மர் காப்பர் வைண்டிங், எல்லாவற்றையும் திறந்து காட்டித்தான் கொடுக்கிறார். “ஆம்புக்குப் போடற 5200, 1943 டிரான்சிஸ்டர்லயே தோஷிபானு பேர் அடிச்ச டூப்ளிகேட் வருது தம்பி, நாங்களே ஏமாறுவோம்” என்று சிரித்தார். இருபதாயிரத்துக்குள் என்றால் ஐந்து பெட்டிக்கு ஆசைப்படாதே, டிவிக்கு அடியில் வைக்கிற நீளப் பெட்டியான ஒழுங்கான சவுண்ட்பாரும் சப்வூஃபரும் வாங்கு என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும் அதுதான். ஐந்து பெட்டிதான் வேண்டும் என்றால் பின்பக்கத்தில் டிவியின் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையாவது, ஆப்டிகலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதை நம்பிவிடாமல், உங்கள் பென்டிரைவில் சோதனைக் கோப்பைக் கொண்டுபோய்க் கடை டிவியில் போட்டு, அந்த ஒயர் வழியாகவே கேளுங்கள். பாட்டைப் போட்டுக் காட்டினால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். பில் தராமல் விற்பதே 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கோயமுத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில் இல்லாததுதான் என் பலவீனம். எஸ்டிமேட் சீட்டும் ஜிபே ரசீதும்தான் கையில் இருக்கின்றன.

புகார் பதிவான நாலாம் நாள் கடையில் இருந்து போன். “நாலாயிரம் தர்றனுங்ணா, செட்டைக் கொண்டாந்து குடுத்துட்டுப் புகாரை வாபஸ் வாங்கிருங்க.” முடியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி மட்டும், “ஏனுங்க, அதையாவது வாங்கியிருக்கலாமில்ல?” என்கிறாள். மெக்கானிக் அண்ணன் டீகோடர் போர்டு போட்டுத் தருவதாகச் சொல்கிறார், ஆனால் புகார் முடிவாகும் வரை செட்டில் கை வைக்க வேண்டாம் என்று இருக்கிறேன். ஆறு டம்மியும் டவரிலேயே இருக்கின்றன. சீரியல் பழையபடி டிவியின் சொந்த ஸ்பீக்கரில் ஓடுகிறது. அம்மாவுக்கு அதுதான் பேச்சு தெளிவாகக் கேட்கிறதாம்.