மோட்டார்ஹோமில் கடின நீர்: மென்மையாக்கி வைத்துக்கொண்ட அனுபவம்

மோட்டார்ஹோமுக்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிக்கு, கடின நீரை மென்மையாக்கும் கருவியான நீர் மென்மையாக்கி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஓர் இடத்தில் நிறுத்தினால் எத்தனை நாள் இருப்பீர்கள்? இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று ஓடுபவருக்கு அது வீண் சுமை. வாரக்கணக்கில் ஒரே குழாயை நம்பித் தங்குபவருக்கு அது அவசியம். சில ஆண்டுகளாக இரண்டு விதமாகவும் பயணம் செய்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது.

கடினத்தன்மைக்குக் காரணம் நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். குளிர்ந்திருக்கும்வரை அந்த நீர் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. சூடேறியதும் நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து, கரியமில வாயு பிரிந்து, கால்சியம் கார்பனேட் வெள்ளைக் காறையாகப் படிகிறது. ஆகவே முதலில் அடிபடுவது ஹீட்டர்தான். மோட்டார்ஹோம்களில் பரவலாக இருக்கும் ஹீட்டர் தொட்டி 6 அல்லது 10 கேலன், அதாவது சுமார் 23 அல்லது 38 லிட்டர்தான். அவ்வளவு சிறிய தொட்டியில் காறைத் துகள்கள் அடியில் தங்கினால் வெந்நீரின் அளவு குறைவது உடனே தெரிந்துவிடும். மின்சாரக் கம்பிச்சுருள் மேல் படிந்த காறை வெப்பத்தை நீருக்கு விடாமல் தடுக்க, சுருள் தன் சூட்டிலேயே எரிந்துபோகும். தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் குழல்கள் குறுகலானவை, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஷவர் துளைகள், குழாய் முனைச் சல்லடை, கழிப்பறை வால்வின் ரப்பர் வளையம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த இடத்தில் நிறுத்தினாலும் முதல் வேலை சோதனைத் தாள். கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் அளவாகச் சொல்வது வழக்கம்: லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்மையான நீர். 120ஐத் தாண்டினால் கடினம், 180ஐத் தாண்டினால் மிகக் கடினம். பக்கத்தில் நிற்பவர் ‘இங்கே தண்ணீர் நன்றாக இருக்கும்’ என்று சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. சுவையை வைத்துத்தான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். கால்சியம் நிறைந்த நீரும் குடிக்கச் சுவையாகவே இருக்கும். கரித்தூள் ஃபில்டர் போட்டிருக்கிறேனே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது குளோரினையும் வாடையையும் குறைக்கும். கடினத்தன்மையைத் தொடக்கூடத் தொடாது.

மென்மையாக்கியின் உருளைக்குள் இருப்பவை ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் ஆன சிறு மணிகள். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதே அவற்றின் வேலை. கையடக்க வகைகளில் 16,000 கிரெயின் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். கிரெயின் ஓர் எடை அலகு; மணிகள் எவ்வளவு கடினத்தன்மையைப் பிடிக்கும் என்பதை அது சொல்கிறது. ஒரு கேலனுக்கு ஒரு கிரெயின் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். 300 மில்லிகிராம் கடினமுள்ள நீரில் அந்தக் கொள்ளளவு ஏறக்குறைய 3,400 லிட்டருக்கு வரவேண்டும். நான் அதில் முக்கால் பங்கையே நம்புகிறேன். அதைத் தாண்டியதும் மென்மையாக்கிக்குப் பின்னால் வரும் நீரையும் சோதித்துப் பார்க்கத் தொடங்குவேன். சோப்பு நுரை குறையும்வரை காத்திருந்தால் காறை ஏற்கெனவே ஹீட்டருக்குள் போயிருக்கும்.

பிடித்துப் பிடித்து ஓய்ந்த ரெசினுக்கு மீண்டும் உயிர் கொடுப்பது சாதாரண உப்பு. விளம்பரங்கள் இதை ஐந்து நிமிட வேலை போலக் காட்டுகின்றன. எனக்கு அப்படி இருந்ததே இல்லை. உப்பைக் கொட்டி, நீரை மிக மெதுவாக விட்டு, உப்புநீர் மணிகளூடே நிதானமாக இறங்கவேண்டும். அவசரப்பட்டுக் குழாயை முழுதாகத் திறந்தால் உப்பு வேலை செய்யாமலே வெளியேறிவிடும். பிறகு வெளிவரும் நீரில் கரிப்பு போகும்வரை அலசவேண்டும். அந்தக் கழிவுநீரை எங்கே விடுவது என்பதுதான் உண்மையான சிக்கல். செடி கொடிகள் உள்ள மண்ணில் கூடவே கூடாது. சில தங்குமிடங்களில் ரெசினை அங்கே புதுப்பிக்கவே அனுமதி இல்லை. முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வரிசையும் முக்கியம். வண்டல் ஃபில்டர் முன்னால், மென்மையாக்கி நடுவில், கரித்தூள் ஃபில்டர் கடைசியில் என்று வைத்திருக்கிறேன். மணலும் துருவும் ரெசினுக்குள் போனால் அடைப்புதான். இரும்புச்சத்து மிகுந்த நீர் மணிகளையே கெடுத்துவிடும். மூன்றையும் தாண்டி வரும்போது நீரழுத்தம் சற்றுக் குறைகிறது. ஷவரில் அது தெரியும், ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. சோடியம் கூடுவதால், உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் குடிக்க வேறு நீர் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி இடம் மாறும் பயணங்களில் நான் மென்மையாக்கியை எடுத்துப் போவதில்லை, வினிகரோடு சரி. ஹீட்டரை அணைத்து, முழுதாக ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றி, தொட்டியைக் காலிசெய்தபின் வினிகர் கலந்த நீரை நிரப்பிச் சில மணி நேரம் ஊறவிடுகிறேன். எஃகுத் தொட்டியில், தொட்டிக்குப் பதில் தான் அரிக்கப்பட்டு அதைக் காக்கும் மக்னீசிய ஆனோடு கம்பி இருக்கும். அமிலம் அதையும் தின்னும் என்பதால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிக மூடி போடவேண்டும். பிறகு கீழ்த்துளை வழியாகத் துகள்களைப் பீய்ச்சிக் கழுவினால் வெளியே வருவதைப் பார்த்து நம்பவே முடியாது. மீண்டும் நீர் நிரம்பியதை உறுதிசெய்யாமல் மின்சாரத்தைப் போட்டால் சுருள் அந்த நொடியே போய்விடும். தொட்டிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிளீச்சும் வினிகரும் எந்த நிலையிலும் சேரக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஒன்றை முழுதாக அலசி முடித்த பிறகே மற்றொன்று.

குழாயில் கட்டும் காந்தப் பட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடினத்தன்மையை அவை அகற்றுவதில்லை. சோதனைத் தாளும் அதே நிறத்தைத்தான் காட்டும். மென்மையாக்கியிடமும் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக்கூடாது. வண்டியைக் கழுவிக் காயவிட்டால் அதன் நீரிலும் புள்ளிகள் விழும். கரைந்த உப்பு நீரை விட்டுப் போய்விடவில்லை, வகைதான் மாறியிருக்கிறது. ஆனால் ஈரத்துணியால் ஒரு துடைப்பில் போய்விடும். உறைபனிக் காலம் வருமுன் உருளையை வண்டிக்குள் சூடான இடத்திற்கு மாற்றிவிடுங்கள். உள்ளே தங்கிய நீர் பனிக்கட்டியானால் உருளை விரிசல் விடும், வடித்துவிட்டோம் என்ற தைரியமும் போதாது. மணிகளுக்கிடையே ஈரம் எப்போதும் இருக்கும்.