திருகோணமலை உப்புவெளி வீட்டில் சோலார் பனல்: ஒரு வருடம் கழித்து

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 550 வாட் பனல் ஒன்பது போட்டோம், மொத்தம் 5 கிலோவாட்டுக்குக் கிட்ட. திறன் 21 சதவீதம், அதாவது விழும் வெயிலில் அவ்வளவுதான் கரண்டாக மாறும். "மிச்ச 79 எங்க தம்பி போகுது?" என்று பூட்ட வந்த பெடியனிடம் அப்பா கேட்க, அவன் சிரித்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டான்.

குறை பனலில் இல்லை. 1961 இல் ஷொக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் போட்ட கணக்கின் வழியில் பார்த்தால், ஒற்றை அடுக்குச் சிலிக்கனுக்கு எல்லையே ஏறக்குறைய 29 சதவீதம்தான். சிவப்புக்கு வெகு அப்பாலுள்ள ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடும், நீல ஒளியின் மிகுதிச் சக்தி சூடாக வீணாகும். சிலிக்கனுக்கு மேல் பெரொவ்ஸ்கைட் என்ற வேறொரு படிகப் பொருளின் அடுக்கு வைத்து ஆய்வுகூடத்தில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள், ஆனால் அந்தப் பொருளுக்கு ஈரமும் சூடும் ஆகாது, நம்ம ஊரில் இரண்டும் தாராளம்.

வறண்ட சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உச்சி வெயிலுக்கு நிறையக் கரண்ட் வரும் என்றுதான் நானும் நினைத்தேன். சரி, மீட்டரைப் பார்த்தால் 4 கிலோவாட்டைத் தொடவே திணறுகிறது, ஏனென்றால் பனலின் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 சதவீதத்துக்குக் கிட்ட குறையும், தகரக் கூரையோடு ஒட்டிப் பூட்டியதால் கீழே காற்றும் போகாது. இடைவெளி விடச் சொல்லிக் கேட்டும் பூட்டினவர்கள் விடவில்லை, அதுதான் என் கோபம்.

அப்புறம் காகம். கீழ்வரிசை மூலையில் ஒரு எச்சம் காய்ந்து கிடந்தது, ஈரத்துணியால் துடைத்தபின்தான் அந்த வரிசை சரியாக வேலை செய்தது. ஆணிகளில் உப்புக்காற்றுக் கறள் ஏறத் தொடங்கிவிட்டது. துருப்பிடிக்காத ஆணி கேட்டு வாங்குங்கள்.

பனலுக்கு நாலு நட்சத்திரம், பூட்டினவர்களுக்கு இரண்டு.