கால்பொறியை வீட்டுப் பட்டறையில் திருத்திப் பயன்படுத்தியதில் கண்டவை

அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவின் மலைச்சரிவுக் கிராமங்களில் ஆடும் கோழியும் வளர்ப்பவர்களுக்குக் கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற காட்டு நாயும் செந்நரியும் ஓயாத தொல்லை. அவற்றைப் பிடிக்க அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் கருவிகளுள் ஒன்று, விலங்கின் பாதத்தைக் கவ்வி அதை உயிருடன் நிறுத்தி வைக்கும் கால்பொறி. பண்ணை ஓரங்களில் பல பருவங்களாக நான் வைத்துவரும் பொறிகள் அனைத்தும் கடையில் வாங்கிய, விலை குறைந்த, சுருள்வில் பொருத்திய 1½ மற்றும் 2 ஆம் எண் பொறிகளே (எண் பொறியின் அளவைக் குறிக்கும்). அவற்றை வீட்டுப் பட்டறையில் ஒரு சிறிய மிக் வெல்டிங் இயந்திரம், கிரைண்டர், வைஸ், இரண்டு மூன்று அரங்கள் ஆகியவற்றைக் கொண்டு திருத்தியிருக்கிறேன். எந்தத் திருத்தம் உழைப்புக்கு ஈடான பயனைத் தந்தது, எது பேச்சளவில் மட்டும் பெரிதாக இருந்தது என்பதையே இங்கே பதிவுசெய்கிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைத்துப் பிடிப்பதையும் வேட்டையாகவே கருதுவதால், இக்கட்டுரை அங்கே செய்து பார்ப்பதற்குரியது அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1991 ஆம் ஆண்டின் விதிமுறை ஒன்றின் மூலம் இவ்வகைப் பொறியை விலக்கியது. அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸ், கொலராடோ, கலிபோர்னியா, வாஷிங்டன் ஆகிய மாநிலங்கள் 1996க்கும் 2000க்கும் இடையில் பொதுவாக்கெடுப்பு நடத்தி இதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. பென்சில்வேனியாவில் உரிமம் பெற வேண்டும். ஒவ்வொரு பொறியிலும் உரிமையாளரைக் காட்டும் அடையாளத் தகடு இருக்க வேண்டும். பாதத்தைக் கவ்வும் தாடையில் பல் இருக்கக் கூடாது. 36 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் பொறியைப் போய்ப் பார்த்தாக வேண்டும். நான் நாள்தோறும் விடியற்காலையில் பார்த்துவிடுகிறேன். பட்டறையில் எத்தனை திருத்தம் செய்தாலும், பொறியில் நிற்கும் விலங்கை நெடுநேரம் காக்க வைத்தால் அதனால் பயனில்லை.

கடையிலிருந்து வந்த பொறியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே அதன் குறைகள் தெரியும். இரண்டு தாடைகளும் மெல்லிய இரும்புப் பட்டையால் ஆனவை; அவற்றின் விளிம்பில் வெட்டுப்பிசிறு அப்படியே இருக்கும். சங்கிலி பொறியின் நடுவில் இல்லாமல் அடிச்சட்டத்தின் ஒரு முனையில் கோக்கப்பட்டிருக்கும். விலங்கு கால் வைத்ததும் இறங்கிப் பொறியை மூடவைக்கும் மிதிதட்டு தளர்வாக ஆடும். விலையைக் குறைக்க வேண்டுமானால் உற்பத்தியாளர் இவற்றில்தான் கைவைக்க முடியும் என்பதால் இதில் வியப்பில்லை.

நான் செய்தவற்றுள் முதலிடம் தருவது அடித்தகட்டுக்கும் நடுச்சுழலிக்கும். சங்கிலி ஒரு முனையில் இருக்கும்போது, பிடிபட்ட விலங்கு இழுக்க இழுக்கப் பொறி பக்கவாட்டில் சாய்ந்து பாதத்தை நெம்புகிறது. விலங்கு சுற்றிவரும்போது சங்கிலி முறுக்கேறி, அந்த முறுக்கு முழுவதும் காலில் போய்ச் சேர்கிறது. அடிச்சட்டத்தின் கீழே ஏறக்குறைய 3/16 அங்குலத் தடிமனுள்ள இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, அதன் நடுவில் டி வடிவ வளையம் ஒன்றை அமைத்து, சுழலியுடன் (முறுக்கேறாமல் சுழன்று கொடுக்கும் இணைப்பு) கூடிய சங்கிலியை அதில் கோத்துவிட்டால், எந்தப் பக்கம் இழுத்தாலும் பொறி அந்தப் பக்கமே திரும்பி நிற்கிறது; காலும் சங்கிலியும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. தகடு சட்டம் வளைவதையும் தடுக்கிறது. மண்ணில் பதித்த பொறி ஆடாமல் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். ஆடும் பொறியின் மீது எந்தக் கொயோட்டியும் இரண்டாம் முறை கால் வைப்பதில்லை.

சங்கிலியைப் பொறுத்தவரை, ஓரடி முதல் ஒன்றரை அடி நீளம் போதும். நீளமான சங்கிலி விலங்குக்கு ஓடிவந்து சுண்டி இழுக்க இடம் தருகிறது. பொறியின் அடியில் ஒன்று, சங்கிலியின் நடுவில் ஒன்று, சங்கிலியைத் தரையில் பிணைக்கும் முளையருகே ஒன்று என மூன்று சுழலிகள் வைக்கிறேன். இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் டிசம்பர் மாதச் சேற்றில் ஒரு சுழலி உறைந்து இறுகிவிட்டாலும் மற்றொன்று சுழன்றுகொண்டிருக்கும்.

பற்றவைக்கும் முன் சுருள்விற்களைக் கழற்றி அப்பால் வைத்துவிட வேண்டும். சூடு ஏறினால் அவற்றின் பதம் போய்விடும். துத்தநாகம் பூசிய வளையத்தையோ சங்கிலியையோ பூச்சுடன் பற்றவைப்பது உடலுக்குக் கேடு. அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். பூசாத கறுப்பிரும்பாகவே கேட்டு வாங்குவது நல்லது.

தாடைகளில் இரண்டு வேலைகள் உண்டு. 3/16 அங்குல உருண்டைக் கம்பியைத் தாடையின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, விளிம்பை ஒட்டிப் பற்றவைத்துப் பிடிக்கும் பரப்பை அகலமாக்குவது ஒன்று. மூடிய நிலையிலும் தாடைகளுக்கு இடையே கால் அங்குல அளவுக்குச் சந்து இருக்கும்படி, அவை சந்திக்கும் மூலைகளில் சிறிது உலோகம் ஏற்றுவது மற்றொன்று. அகன்ற பரப்பு அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. சந்து இரத்த ஓட்டம் அடியோடு நின்றுவிடாமல் காக்கிறது. இவை இரண்டும் சேர்ந்த பிறகு, பிடிபட்ட விலங்கின் பாதத்தில் தோல் கிழிந்திருப்பதைக் காண்பது மிகவும் அரிதாகிவிட்டது. லேசான வீக்கம் மட்டுமே இருக்கும். அண்டைப் பண்ணையின் நாய் ஒருமுறை அகப்பட்டு, விடுவித்தவுடன் நொண்டாமல் வீட்டுக்கு ஓடியது. அமெரிக்காவின் மீன், வனவிலங்கு முகமைகளின் சங்கம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய பொறிச் சோதனைகளில், பிடிபட்ட விலங்குகளின் காயங்களை ஆராய்ந்து மதிப்பெண் இட்டே பொறிகளைத் தரப்படுத்தினார்கள். நாமும் பாதத்தைப் பார்த்தே பொறியை மதிப்பிட வேண்டும்.

கம்பியைப் பற்றவைத்த பின் தெறித்து ஒட்டிய உலோகத் துளிகளை அரத்தால் முழுவதும் நீக்குவது சலிப்பூட்டும் வேலைதான். இருந்தாலும் அதைத் தவிர்ப்பவர் தாடையில் புதிதாகப் பல் முளைக்க விட்டவர் ஆவார். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாடையின் உட்புறம் முழுவதையும் தடவிப் பார்ப்பேன். ஓரிடத்தில் விரல் இடறினாலும் அரம் மீண்டும் கைக்கு வரும்.

மிதிதட்டின் வேலைக்குச் செலவு எதுவுமில்லை. எனினும் வேண்டாத சிற்றுயிர்களைக் காப்பதில் இதற்கு இணை வேறில்லை. தட்டின் போல்ட்டை இறுக்கி, இடையில் நைலான் வாஷர் ஒன்றையும் தளராத நட்டு ஒன்றையும் போட்டால், எவ்வளவு எடையில் தட்டு இறங்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். கொயோட்டிக்கு ஏறக்குறைய நான்கு பவுண்டும் நரிக்கு இரண்டு பவுண்டும் வைக்கிறேன். இதற்கென விற்கும் அளவுகருவி தேவையில்லை. இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியில் 1.8 லிட்டர் நீர் ஊற்றினால் நான்கு பவுண்டு. 900 மில்லி ஊற்றினால் இரண்டு பவுண்டு. விரித்து வைத்த பொறியின் தட்டில் புட்டியைத் தலைகீழாக நிறுத்தி மெல்லக் கையைத் தளர்த்தினால், முழு எடையும் இறங்கும் தறுவாயில் பொறி மூட வேண்டும். முயலும் அணிலும் இந்தத் தட்டை மிதித்துக் கடந்து போனதை அவற்றின் தடங்களே காட்டியிருக்கின்றன.

தட்டு இழுபட்டு இழுபட்டு இறங்காமல் ஒரே நொடியில் விழ வேண்டும் என்பதும் முக்கியம். தட்டின் காலில், விரித்த தாடையை அழுத்திப் பிடிக்கும் நாக்கு வந்து அமரும் இடத்தை முக்கோண அரத்தால் சிறிது கூர்மூலையாகச் செதுக்கி, நாக்கின் முனையையும் நேராக அராவினால், பொறியை விரிக்கும்போது ‘டிக்’ என்று அமர்வதைக் கையில் உணரலாம். இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் அராவக் கூடாது.

இனி, பலரும் முதலில் செய்யத் துடிப்பது: இரண்டு வில் உள்ள பொறியில் மேலும் இரண்டைப் பொருத்தி நான்கு வில் ஆக்குவது. என் கணிப்பில் இது கடைசியாகச் செய்ய வேண்டியது. பொறி விரைந்து மூடுகிறது, இறுக்கமாகப் பிடிக்கிறது என்பது உண்மை. பாதம் நழுவித் தேய்வதும் குறைகிறது. ஆனால் அடித்தகடு இல்லாத மெல்லிய சட்டத்தில் நான்கு வில்லை ஏற்றினால் சட்டம் வளைந்து, தாடைகள் தம் துளைகளிலிருந்து கழன்று வருகின்றன. நரிக்கு மட்டும் வைப்பவருக்கு இது தேவையே இல்லை. கொயோட்டிக்கு வைக்கும் 2 ஆம் எண் பொறிகளில் மட்டும், அதுவும் தகடும் அகன்ற தாடையும் அமைந்த பிறகு, நான்கு வில் போட்டிருக்கிறேன்.

துருவும் மண்வாடையும் ஆண்டுதோறும் வரும் பாடு. புதுப் பொறியைச் சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்க வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, வெளியில் தொங்கவிட்டு மெல்லிய துரு பிடிக்க விட்டு, பிறகு லாக்வுட் மரச் சாயத்தில் கொதிக்க வைத்தால் கறுப்பு நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் உருக்கிய மெழுகில் முக்கினால் தாடைகள் வழுக்கிக்கொண்டு மூடும். மெழுகைத் திறந்த வெளியில் மட்டுமே உருக்க வேண்டும். மூடியை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஈரப் பொறியை அதில் இட்டால் மெழுகு பொங்கித் தெறிக்கும். சாயம் பல பருவங்கள் தாங்குகிறது. மெழுகு ஒரு பருவத்துக்கு மேல் தாங்குவதில்லை.

இத்தனையும் ஆலையிலேயே செய்து வரும் பொறிகளும் உண்டு. மின்னசோட்டா பிராண்ட் 550 அவ்வகையில் பெயர்பெற்றது. ஐந்தாறு பொறிகள் மட்டுமே வேண்டியவர், வெல்டிங் இயந்திரமும் இல்லாதவர், அப்படிப்பட்டதை வாங்கிவிடுவதே சிக்கனம். பழைய பொறிகள் ஒரு பெட்டி நிறையக் கையில் இருப்பவருக்குத்தான் பட்டறை வேலை கட்டுப்படியாகும். என் பொறிகளில் அடித்தகடுகளும் தாடைக் கம்பிகளும் இன்றளவும் விட்டுப்போகவில்லை. தேய்ந்தவை சுழலிகளும் நைலான் வாஷர்களும் சுருள்விற்களும்தான். மூடிய நிலையில், வில் உந்தி உயர்த்தும் லீவர்கள் முன்போல் உயர எழாமல் தாழ்ந்து நிற்கும் பொறிக்கு அக்டோபரில் பருவம் தொடங்கும் முன்பே வில்லை மாற்றிவிடுகிறேன்.