இன்றைய மாரடோனாவா, அன்றைய மெஸ்ஸியா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடிவிட்டு வரப்பில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சுத்தான். மாரடோனா இன்று ஆடினால் ஜொலிப்பாரா? மெஸ்ஸி அன்று ஆடியிருந்தால் தாங்கியிருப்பாரா?

நான் மாரடோனா பக்கம். 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் ஜென்டிலே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், காலை வாரினார். ஆனாலும் கடைசிவரை களத்தில் நின்றார். அடுத்த ஆண்டு பார்சிலோனாவுக்கு ஆடும்போது பின்னாலிருந்து விழுந்த அடியில் மாரடோனாவின் கணுக்காலே முறிந்தது. இன்றைக்கு அதற்கு நேராகச் சிவப்பு அட்டை, போதாததற்கு வீடியோ நடுவர் வேறு. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் 1986இல், மெக்சிகோவின் உச்சிவெயிலில், தன் பாதியிலிருந்தே ஓடி இங்கிலாந்துக்கு எதிராக அந்தக் கோலை அடித்தார். பாருங்கள், பந்து இடது காலை விட்டு விலகவே இல்லை.

இன்று பந்தைத் தொட்டதும் மூன்று பேர் பாய்வார்கள், உண்மை. அன்றும் பாய்ந்தார்கள், உதைக்கவும் செய்தார்கள்.

மெஸ்ஸியின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடம்புதான் கேள்வி. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்குச் சிறுவயதில் சிகிச்சை எடுத்து வளர்ந்தவர் அவர். ஆய்வகத்தில் தயாரான வளர்ச்சி ஹார்மோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1985இல். அதற்கு முன் பிறந்திருந்தால், அந்தச் சிகிச்சை இல்லாமல் அந்த உதைகளை அவர் எப்படித் தாங்கியிருப்பார்?

என் ஏழு பேர் அணியில் இருவரும் உண்டு. 10ஆம் எண் மட்டும் மாரடோனாவுக்கு.