ஆதம்பாக்கம் தற்காப்பு வகுப்பு: மகளோடு நான்கு ஞாயிறு

ஆதம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் நடக்கும் பெண்கள் தற்காப்பு வகுப்புக்கு நானும் என் மகளும் போய் வந்தோம். நான்கு ஞாயிறு, காலை ஆறரை முதல் எட்டரை வரை, ஆளுக்கு 1,800 ரூபாய். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றானே, அந்த ஸ்டேஷனில்தான் இவளும் தினமும் ரயில் ஏறுகிறாள். அந்தப் பயத்தில்தான் பணம் கட்டினேன்.

பயிற்சி நன்றாகவே இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருப்பி உருவ வேண்டும். 56 வயதில் எனக்கே அது கைவந்துவிட்டது. பாய்கள்தான் ரொம்ப மெல்லிசு, விழுந்தால் இடுப்பு வலிக்கிறது.

என் குறை வேறு. மூன்று வாரமும் முன்பின் தெரியாதவன் இருட்டில் வந்தால் என்ன செய்வது என்றே சொல்லிக்கொடுத்தார்கள். நான் 27 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், அதில் பாதி தீக்காய வார்டில். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு சிஸ்டர்" என்பார்கள். பக்கத்தில் புருஷனோ மாமியாரோ நிற்பார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் சில பேர் வேறு கதை சொல்வார்கள். பரங்கிமலையில் தள்ளியவனும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்தான், பின்னாலேயே சுற்றியவன். 2017இல் உலகம் முழுக்கக் கொலையான சுமார் 87,000 பெண்களில் ஏறக்குறைய 50,000 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தாரோதான் என்கிறது ஐ.நா. கணக்கு.

கடைசி வகுப்பில் இதைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களே பேசுங்கக்கா" என்று அரை மணி நேரம் கொடுத்தார்.

கழுத்தை ஒரு தடவை நெரித்தவன் பிற்பாடு கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், அதை மன்னித்து மறக்காதீர்கள் என்றேன். பிரிந்து வருகிற நாட்கள்தான் மிகவும் ஆபத்து, முன்கூட்டி அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அடித்தது யார் என்பதையும் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், எழுதச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181 இரவு பகல் எந்நேரமும் இயங்கும், அழைக்கக் காசு கிடையாது.

எல்லாரும் போனில் எண்ணைப் பதிந்தார்கள். ஒருவர் மட்டும் பதியவில்லை. "மூணு நம்பர்தானேக்கா, மனசுல வெச்சுக்கிறேன்" என்றார்.

தாராளமாகச் சேரலாம். அடுத்த பேட்ச்சில் இந்தப் பாடத்தை முதல் வாரமே வைப்பதாகப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். சேருகிறவர்கள் முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.