லாக் ஆகாத ரேடியோ: மீட்டரா, எஸ்டிஆரா, குளிர் ஸ்பிரேயா?

வயர்லெஸ் செட்டில் பிடிடியை (பேசுவதற்கான பொத்தான்) அழுத்தினால் பேச்சு போகாமல் பீப் என்று ஒரு சத்தம், சில செட்டுகளில் திரையில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். அலைவரிசையை ஒரு கிரிஸ்டலோடு ஒப்பிட்டுப் பிடித்து நிறுத்தும் சுற்றான பிஎல்எல் லாக் ஆகவில்லை, அதாவது அலைவரிசை பிடிபடவில்லை; கண்ட அலைவரிசையில் போய் விழக்கூடாதென்று செட்டே டிரான்ஸ்மிட்டரை அடைத்துவிட்டது. இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் உண்டு: ஒருவர் மீட்டரை எடுப்பார், ஒருவர் எஸ்டிஆர் டாங்கிளைச் (அலைவரிசைகளைக் கம்ப்யூட்டர் திரையில் கோடுகளாகக் காட்டும் சின்ன ரிசீவர்) செருகுவார், ஒருவர் குளிர் ஸ்பிரே அடிப்பார், இன்னொருவர் எதையும் அளக்காமல் கெபாசிட்டர்களை மொத்தமாக மாற்றிவிடுவார். நான்கையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், என் ஓட்டு மீட்டருக்குத்தான். ஆனால் அது பாதி வழிதான் கூட்டிப்போகும்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒன்று. 146 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் என்று செய்த செட்டில் 144.8 போட்டுவிட்டு லாக் ஆகவில்லை என்றால் அது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம், விசிஓவுக்கு (வோல்டேஜுக்கு ஏற்ப அலைவரிசை மாறும் ஆசிலேட்டர்) அவ்வளவு கீழே எட்டாது, அவ்வளவுதான். பேண்டின் ஒரு கோடியில் மட்டும் மக்கர் பண்ணினால் ட்யூனிங் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாச் சேனலிலும் என்றால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

மல்டிமீட்டரில் முதலில் 5 அல்லது 8 வோல்ட் ரெகுலேட்டர்கள் சரியா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் விசிஓவின் கன்ட்ரோல் வோல்டேஜ். சர்வீஸ் மேனுவலில் இதற்கென்று ஒரு டெஸ்ட் பாயின்ட் காட்டியிருப்பார்கள். நல்ல செட்டில் சேனல் மாற மாற இந்த வோல்டேஜும் கொஞ்சம் ஏறி இறங்கும். லாக் ஆகாத செட்டில் உச்சியிலோ அடியிலோ போய் ஒட்டிக்கொண்டு அசையாது. எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் இங்கே தங்கமான தகவல். வோல்டேஜ் ஏறினால் அலைவரிசை ஏறும் வகைதான் அதிகம், அதில் உச்சியில் ஒட்டியிருந்தால் விசிஓ செத்திருக்கலாம், அல்லது அதன் சிக்னல் பிரீஸ்கேலருக்கு (அலைவரிசையை வகுத்துக் குறைக்கும் பகுதி) வந்து சேரவில்லை. எண்ண ஒன்றும் கிடைக்காத கம்பேரேட்டர் (விசிஓவையும் கிரிஸ்டலையும் ஒப்பிடும் பகுதி) “இன்னும் மேலே, இன்னும் மேலே” என்று தள்ளிக்கொண்டே இருக்கும். அடியில் ஒட்டியிருந்தால் ரெஃபரன்ஸ் கிரிஸ்டல் நின்றுபோயிருக்கலாம், கன்ட்ரோல் வோல்டேஜைச் சீராக்கும் லூப் ஃபில்டரின் கெபாசிட்டரோ, விசிஓவை ட்யூன் செய்யும் வாரக்டர் டயோடோ கசியலாம். இரண்டு நிமிடத்தில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

ஆனால் எந்த மீட்டர் என்பது முக்கியம். ஒருமுறை பழைய முள் மீட்டரை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க ஏமாந்தேன். ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் வகை, 10 வோல்ட் ரேஞ்சில் மொத்தமே 200 கிலோ ஓம்தான், அந்த லைனில் அதுவே பெரிய பாரம். நான் புரோபை வைத்ததும் செட் லாக்கை விடுகிறது, எடுத்ததும் பிடிக்கிறது! 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டர்தான் சரி, புரோப் நுனியில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. விசிஓவின் தகர மூடியைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள், மூடி போனாலே அலைவரிசை நகரும்.

மீட்டர் நிற்கிற இடத்தில் எஸ்டிஆர் தொடங்குகிறது. டிரான்ஸ்மிட் செய்யவே வேண்டாம், ரிசீவரின் லோக்கல் ஆசிலேட்டர் (விசிஓ தரும் சிக்னல்தான்) கசிவதையே பிடிக்கலாம். 145 மெகாஹெர்ட்ஸ் சேனல், ஐஎஃப் (ரிசீவர் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) 21.4, ஆசிலேட்டர் கீழ்ப்பக்கம் ஓடும் செட் என்றால் 123.6இல் ஒரு கோடு தெரிய வேண்டும். சேனலை ஒரு படி மாற்றினால் அந்தக் கோடு 12.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய்க் கம்பி மாதிரி நிற்கிறதா? லாக் இருக்கிறது. எங்கோ ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்று, விரலைக் கிட்டே கொண்டுபோனாலே நெளிகிறதா? இல்லை. மலிவான டாங்கிள் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) தப்பாகக் காட்டினாலும் 150 மெகாஹெர்ட்ஸில் அது 3 கிலோஹெர்ட்ஸ்தான், இந்த வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை. நிலையான கோடு, ஆனால் ஓரிரு கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கிறது என்றால் டாங்கிளின் தப்பை முதலில் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது ரெஃபரன்ஸின் தப்பு, லாக் கோளாறு அல்ல; இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய பேர்.

ஃப்ரீக்வென்சி கவுண்டர் இந்த இடத்தில் தோற்றுவிடும். லாக் இல்லாத விசிஓவில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், புரோப் தொட்டதும் அலைவரிசையே இழுபடும்.

இரண்டு கருவியும் சேர்ந்தால் இன்னொன்று செய்யலாம். லூப்பில் ஒரு ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து பவர் சப்ளை மூலம் கன்ட்ரோல் வோல்டேஜ் லைனுக்கு 1, 2, 3 வோல்ட் என்று, செட்டின் வரம்பைத் தாண்டாமல், மெதுவாகக் கொடுங்கள். கோடு தேவையான தூரம் முழுக்க நடந்தால் விசிஓ நல்லது, கோளாறு பிஎல்எல் ஐசி பக்கமோ அதற்கு வரும் டேட்டாவிலோ. நடக்கவில்லை என்றால் மூடிக்குள்தான்.

குளிர் ஸ்பிரே, சூடானதும் லாக் விடுகிற செட்டுக்கு மட்டும். அங்கே அதற்கு ஈடு கிடையாது. ஆனால் குழாய் வைத்து ஒரு பாகத்துக்கு ஒரு பொட்டு அடிக்க வேண்டும், போர்டு முழுக்க அடித்தால் பனித்துளி படிந்து அதுவே கசிவாகி உங்களைச் சுற்றவிடும்.

மொத்தமாகக் கெபாசிட்டர் மாற்றுவது எனக்குப் பிடிக்காத வழி. சில சமயம் வேலை செய்யும், ஏன் வேலை செய்தது என்று தெரியாது. பழைய செட்டுகளில் பாகங்களைப் போர்டில் பிடித்து நிறுத்தத் தடவி, காலப்போக்கில் கெட்டு மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும் பசையும் காரணமாக இருக்கலாம், கென்வுட் டிஎஸ்-440 இதற்குப் பேர்போனது. பசையைச் சுரண்டாமல் பாகத்தை மட்டும் மாற்றி என்ன புண்ணியம்?

விசிஓ காயிலின் நடுவில் இருக்கும் ஃபெரைட் கோரைத் திருகிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். கன்ட்ரோல் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளாமல் தொடாதீர்கள், இரும்பு ஸ்க்ரூடிரைவரால் தொடவே தொடாதீர்கள், ஃபெரைட் ஒருமுறை விரிசல் விட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.