தி.நகர்ல நடக்க எது வசதி: ஸ்கைவாக்கா, பாண்டி பஜார் பிளாட்பாரமா?

அம்மாவுக்கு முட்டி வலி, அதனால துணி எடுக்க எந்தப் பக்கம் போறதுன்னு ரெண்டையும் நடந்து பாத்துட்டு இப்போ பாண்டி பஜார்னே முடிவு பண்ணியாச்சு. ரங்கநாதன் தெருவ கணக்குலயே சேக்கல, அங்க நாம நடக்கவே வேணாம், கூட்டமே தள்ளிட்டுப் போய் உஸ்மான் ரோட்டுல விட்டுடும்.

ஸ்கைவாக் 2023 மே மாசம் திறந்தது, மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சுமார் 570 மீட்டர். மேல ஏறிட்டா வண்டி, ஹாரன் எந்தத் தொல்லையும் இல்ல. ஆனா கடையெல்லாம் கீழ இருக்கு, கடைக்குக் கடை ஏறி இறங்க முடியாது.

பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல இருந்தே ரோட்டைக் குறுக்கி ரெண்டு பக்கமும் பிளாட்பாரத்தை நல்லா அகலமாக்கி விட்டிருக்காங்க. நடுவுல வண்டி ஓடுது, சத்தம் இருக்கு, அது வேற விஷயம். நாலு கடை ஏறி இறங்கினதும் அம்மா உக்கார பெஞ்ச் இருக்கு, பக்கத்துல ஒரு டீயும் கிடைக்கும்.

எனக்கு இதையெல்லாம் விட பெருசா பட்டது மெயின்டனன்ஸ்தான். மேல போற பாதைன்னா எஸ்கலேட்டரும் லிஃப்டும் தினமும் ஓடணும், ஒரு நாள் எஸ்கலேட்டர் நின்னாலும் முட்டி வலிக்காரங்களுக்கு அது வெறும் படிக்கட்டுதான், லிஃப்டும் மக்கர் பண்ணுச்சுன்னா அப்படியே திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிளாட்பாரத்துல ஒரு கல்லு பெயர்ந்தா சுத்திப் போயிடலாம், ஒரு கொத்தனார் வந்து அரை நாள்ல பூசிட்டுப் போயிடுவார், டெக்னீஷியன் வரணும் ஸ்பேர் வரணும்னு காத்துக்கிடக்க வேணாம். அதுக்காக பிளாட்பாரத்துக்கு பராமரிப்பே வேணாம்னு இல்ல. வண்டி ஏறாம இருக்க நட்டு வெச்ச குட்டைத் தூண்ல ஒண்ணு சாஞ்சாப் போதும், அந்த சந்துல முதல்ல ஒரு ஸ்கூட்டர் நுழையும், அதைப் பாத்து இன்னொண்ணு, சாயங்காலத்துக்குள்ள அது பார்க்கிங் ஆயிடும். தூணை உடனே நட ஆள் இல்லேன்னா எவ்வளவு அகலமா போட்டும் பிரயோஜனம் இல்ல.

நாங்க போறது பெரும்பாலும் வார நாள் சாயங்காலம், தீபாவளி நெரிசல்ல போனதில்ல, அடைமழைலயும் போனதில்ல, அதனால தண்ணி தேங்குதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. வீல்சேர் தள்ளிட்டுப் போனவங்க யாராவது இருந்தா அவங்க சொல்றதுதான் சரியா இருக்கும். மத்தபடி ட்ரெயின்ல வந்து நேரா பஸ் பிடிக்கறவங்க, அதுவும் கைல ரெண்டு பை இருந்தா, யோசிக்காம ஸ்கைவாக்லயே போங்க.